இரண்டு நாளில் திருவனந்தபுரம்: முதலில் தக்கலையில் இறங்குங்கள்

நீங்கள் கேட்டது இது. மார்த்தாண்டத்தில் இருக்கிறீர்கள். லீவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளையும் எழுபது வயதான அம்மையையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் திருவனந்தபுரம் போகப் போகிறீர்கள். மிருகசாலை, கோயில், மால் என்று எல்லோரும் சொல்வதை விட்டுவிட்டு, பிள்ளை மனதில் நிற்கிற மாதிரி எந்த மியூசியம், எந்தப் பழைய இடம் பார்க்கலாம், எந்த வரிசையில் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தக்கலைப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவன். வருடாவருடம் பிள்ளைகளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் காலையில் திருவனந்தபுரம் வண்டியில் ஏறாதீர்கள். எதிர்ப்பக்கம், தக்கலைக்குப் பஸ் ஏறுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையை நிதானமாகப் பார்த்துவிட்டு, அங்கிருந்து திருவனந்தபுரம் போங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். அப்படி நினைத்து ஒரு தடவைகூட உள்ளே போகாத நம் ஊர்க்காரர்களை எனக்கு நிறையத் தெரியும்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. திருவனந்தபுரத்தை நாம் இன்றைக்கு வேறு மாநிலத்துத் தலைநகரமாகப் பார்க்கிறோம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் அந்த ஊரை ஆண்டவர்களின் நிலமாகத்தான் இருந்தன. அதற்கும் முன்னால் தலைநகரமே நம் பக்கம்தான் இருந்தது. 1795-இல் கல்குளத்துப் பத்மநாபபுரத்திலிருந்துதான் அது திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. அரசு போன வழியிலேயே நாமும் போனால், அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொன்றும் எங்கிருந்து கிளம்பி வந்தது என்று பிள்ளைக்குப் புரியும். நேரே மியூசியத்துக்குள் போய் நின்றால் விளக்கு, வாள், சிலை, நாணயம் என்று பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து, வெளியே வந்ததும் ஐஸ்கிரீம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

பத்மநாபபுரத்தில் பூமுகத்துக்குள், அதாவது முகப்பு மண்டபத்துக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே பாருங்கள். மச்சில் தொண்ணூறு பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. மகளை அண்ணாந்து பார்த்து ஒரே மாதிரி இரண்டு பூ கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என் மாணவர்கள் கழுத்து வலிக்கும் வரை தேடுவார்கள். அங்கேயே குதிரைவீரன் உருவத்தோடு ஒரு தொங்கு விளக்கு இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும்படி சங்கிலியை அமைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி விளக்குகளை மியூசியங்களில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். எரிந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும் விளக்கைப் பார்ப்பது வேறு. ராஜாவைப் பார்க்க வந்தவர்கள் இந்த வெளிச்சத்தில்தான் காத்து நின்றிருப்பார்கள் என்று பிள்ளை தானாகவே யோசித்துக்கொள்ளும்.

மேலே மந்திரசாலை, மன்னர் ஆலோசனை நடத்திய கூடம். சாளரங்களில் வண்ண மைக்காத் தகடுகள் பதித்திருப்பதால் வெயில் உள்ளே வரும்போது சூடு குறைந்து, நிறம் மாறி விழும். தரை கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை அது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் அந்தக் குளிர்ச்சி பாதத்திலேயே தெரியும். பக்கத்தில் ஊட்டுப்புரை, ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிட்ட கூடம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனப் பரணிகளை அம்மை கட்டாயம் நின்று பார்ப்பார். அவர் சின்ன வயதில் வீட்டு அடுக்களையில் இருந்த பரணியைப் பற்றிப் பேத்தியிடம் சொல்ல ஆரம்பித்தால், அவசரப்படுத்தாமல் நீங்கள் நகர்ந்து நில்லுங்கள். நான் வகுப்பில் சொல்கிறதைவிட அது நன்றாகப் பதியும்.

வளாகத்தில் வயதில் மூத்தது தாய்க்கொட்டாரம். கொட்டாரம் என்றால் அரண்மனை. நடுவில் முற்றம் விட்ட நாலுகெட்டு வீடு. ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று அங்கே இருக்கிறது, தவறவிடாதீர்கள். நம் பக்கத்துப் பழைய அறப்புரை வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கொட்டாரம் அந்நியமாகவே இருக்காது. அதே ஆசாரிக் கை, அதே மரம், அதே ஓட்டுச் சரிவு. அளவு மட்டும்தான் பெரிசு.

நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகையில் ஒரு கட்டில் இருக்கிறது. பல வகை மூலிகை மரங்களை இணைத்துச் செய்தது. மேல்நிலையில் சுவரோவியங்கள் இருக்கின்றன. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750-இல் ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்து, இனிமேல் நான் அவருடைய தாசன் என்று வாளைச் சன்னிதியில் வைத்தார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். அதனால்தான் இந்த ஊர் பத்மநாபபுரம் ஆயிற்று. இந்த ஒரு செய்தியை இங்கேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். இனித் திருவனந்தபுரத்தில் பார்க்கப் போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி.

இன்னொரு விஷயத்தையும் பிள்ளை கவனிக்கும். நம் மாவட்டத்துக்குள் இருக்கிற இந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956-இல் நிலம் தமிழ்நாட்டுக்கு வந்தபோதும் அரண்மனை அவர்கள் பொறுப்பிலேயே இருந்துவிட்டது. ஏன் என்று மகள் கேட்டால், எல்லைக்கோடு போட்டவர்களால் வரலாற்றை அப்படி வெட்டிப் பிரிக்க முடியவில்லை என்று நான் சொல்வது வழக்கம்.

மரப்படிகள் செங்குத்தானவை, குறுகலானவை. அம்மையால் ஏற முடியாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பூமுகமும் தாய்க்கொட்டாரமும் முற்றங்களும் கீழேயே இருக்கின்றன. காலை ஒன்பதரைக்குள் போய்விட்டால் கூட்டம் குறைவு. மதியம் கொஞ்ச நேரம் மூடுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை.

அரண்மனையிலிருந்து திரும்பும்போது அரை மணி நேரம் கிடைத்தால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையையும் பார்த்துவிடுங்கள். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியானார். 1777-இல் இந்தக் கோட்டையில்தான் காலமானார். அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சிப்பாய்க்கு, திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், தமிழில் கல்லறைக் கல்வெட்டு. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று மகளை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

சரி, இனி திருவனந்தபுரம். தக்கலையிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகப் பஸ்ஸில் போனால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சாயங்காலத்துக்குள் தம்பானூரில் இறங்கி ஓர் அறை எடுத்து, அம்மையைச் சற்று இளைப்பாற விடுங்கள். கிழக்கேகோட்டை அங்கிருந்து பக்கம்தான்.

மாலையில் பத்மநாபசுவாமி கோயில் மட்டும் போதும். ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வேட்டி கட்ட வேண்டும். பெண்களுக்குச் சேலை, பாவாடை, முண்டும் நேரியதும். சுரிதார் போட்டிருந்தால் அதன் மேல் முண்டு சுற்றிக்கொள்ள வேண்டும். இதை வீட்டிலிருந்தே தயாராகக் கொண்டுபோனால் அங்கே அலைய வேண்டாம். கோயில் என்பது காட்சிப்பொருள் இல்லை, நம்பிக்கை உள்ளவர்கள் தினமும் கும்பிடுகிற இடம். பிள்ளையிடம் அதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். பார்க்கிற கண்ணுக்கு வரலாறும் அங்கே நிறைய இருக்கிறது. ஏழுநிலைக் கோபுரத்தைப் பார்த்ததும் அம்மை, இது நம்ம சுசீந்திரம் மாதிரி இருக்கிறதே என்பார். சரிதான், பாண்டிநாட்டுக் கோபுர அமைப்பு அது. மூலவர் பதினெட்டு அடி நீளத்தில் பாம்பணையில் படுத்திருக்கிறார். முகம், நாபி, பாதம் என்று மூன்று வாசல் வழியாகத்தான் முழுமையாகத் தரிசிக்க முடியும். 1686-இல் தீப்பிடித்துப் பாழான கோயிலை மார்த்தாண்ட வர்மா புதுப்பித்தார். அப்போதுதான் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சாளக்கிராமங்களை வைத்துக் கடுசர்க்கரை என்கிற மூலிகைக் கலவை முறையில் இந்த மேனியைச் செய்தார்கள். இதற்கெல்லாம் பல நூற்றாண்டுக்கு முன்பே நம்மாழ்வார் அனந்தபுரநகர் என்று இந்த ஊரைத் தமிழில் பாடியிருக்கிறார்.

கோயிலுக்கு எதிரே பத்மதீர்த்தக் குளத்துப் பக்கம் மேத்தன் மணி என்று ஒரு பழைய கடிகாரம் உண்டு. மணி அடிக்கும்போது தாடிக்காரர் முகம் வாயைத் திறக்கும், இரண்டு பக்கமிருந்தும் ஆட்டுக்கிடாய்கள் வந்து கன்னத்தில் முட்டும். ஐந்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் குதிரைமாளிகை. கோயிலை ஒட்டியே இருக்கிறது. மன்னர் சுவாதித் திருநாள் 1840-களில் கட்டியது. ஓட்டுச் சரிவைத் தாங்குகிற மாதிரி வெளியே 122 மரக்குதிரைகள் வரிசையாகப் பாய்ந்து நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். கட்டியவர் அங்கே ரொம்ப நாள் வாழவில்லை. 1846-இல், முப்பத்து மூன்று வயதில் காலமாகிவிட்டார். பிறகு அந்த மாளிகை நெடுங்காலம் பூட்டியே கிடந்தது.

முந்தின நாள் பத்மநாபபுரம் பார்த்திருந்தால் இங்கே மகளே ஒப்பிட்டுச் சொல்லுவாள். அதே தேக்கு வேலை, ஆனால் இங்கே வந்த சாமான்கள் வேறு. வெளிநாட்டுக் கண்ணாடிச் சரவிளக்கு, ஸ்படிகச் சிம்மாசனம், தந்தச் சிம்மாசனம் எல்லாம் இருக்கின்றன. நூறு வருடத்துக்குள் அந்த அரசு எப்படி மாறிவிட்டது என்பது இரண்டு வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தஞ்சை நால்வரில் கடைசித் தம்பி வடிவேலு, சுவாதித் திருநாளின் சபையில்தான் இருந்தார். வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் முக்கியமான ஒருவர் அவர். அவருக்கு மன்னர் தந்தத்தில் ஒரு வயலின் செய்து கொடுத்தார். மகள் பாட்டுப் படிக்கிறவளாக இருந்தால் இதைச் சொல்லாமல் விடாதீர்கள். ஜனவரியில் சுவாதி சங்கீத உற்சவம் இந்த மாளிகை முற்றத்தில்தான் நடக்கும்.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் கோட்டைப் பகுதியில் மத்திய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதில் ஓலைச்சுவடி மியூசியம் ஒன்று வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு இந்த நகரத்தில் ரொம்பப் பிடித்த இடங்களில் அது ஒன்று. திருவிதாங்கூர் அரசு நிலக்கணக்கு, வரி, கோயில் செலவு, போர்ச் செய்தி எல்லாவற்றையும் ஓலையில் எழுதி, கட்டாகச் சுற்றி வைத்தது. சுருணை என்பார்கள். காப்பகத்தில் உள்ள ஓலைகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டும். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ் எல்லாம் கலந்து கிடக்கும். குளச்சல் போர் பற்றிய ஓலையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

வட்டெழுத்தைப் பார்த்து மகள் இது என்ன பாஷை என்று கேட்பாள். நம் முன்னோர் தமிழ் எழுதிய எழுத்துதான் என்று சொல்லுங்கள். சிதறால் மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்களா? மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கே சமணர் குகைப் பாறையில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டு. பாறையில் கண்ட எழுத்தை ஓலையில் அடையாளம் கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு அதற்கு மேல் நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குச் சாலை பஜார் பக்கம் போகலாம். மார்த்தாண்ட வர்மாவுக்கு அடுத்து வந்த மன்னர் தர்மராஜா காலத்துத் திவான் ராஜா கேசவதாசன் உண்டாக்கிய சந்தை அது. அவரும் விளவங்கோட்டுப் பக்கத்துக் குன்னத்தூர்க்காரர்தான். இன்றைக்கும் அந்தக் கடைவீதியில் பாதிப் பேச்சு தமிழில் நடக்கும், உங்களுக்கு வழி கேட்கச் சிரமம் இருக்காது. சாலை பஜாருக்கு அடுத்து வலியசாலை. அக்கிரகாரத் தெரு, பழைய சிவன் கோயில். பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ராஜராஜசோழன் மெய்க்கீர்த்தியில் வருகிற காந்தளூர்ச்சாலை இந்த இடம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். "காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி" என்ற வரியை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். கலம் என்றால் கப்பலா, உண்கிற கலமா என்று இன்னும் வாதம் ஓயவில்லை. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், இதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

சாலை என்றால் அந்தக் காலத்தில் கல்விக்கூடம். அதற்கு நல்ல சாட்சி நம் பக்கமே இருக்கிறது. முன்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் கோயில். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் அங்கே ஒரு சாலை ஏற்படுத்தி, காந்தளூர் முறைப்படி 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், படிக்க வேண்டும் என்று செப்பேட்டில் எழுதி வைத்தான். அந்தச் செப்பேடு திருவனந்தபுரத்து ஹுசூர் கச்சேரியில், அதாவது அரசுத் தலைமை அலுவலகத்தில் இருந்ததால், ஆராய்ச்சியாளர்கள் அதை ஹுசூர் அலுவலகச் செப்பேடு என்றே சொல்கிறார்கள். நம் வயல்காட்டுக் கோயிலின் பத்திரம் தலைநகரத்து அலுவலகத்தின் பெயரில் அறியப்படுகிறது. மியூசியங்களில் இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். பொருள் ஓர் ஊருடையது, பெயர் இன்னோர் ஊருடையது. பிள்ளை ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கப் பழகினால் போதும்.

மதியத்துக்கு மேல் நேப்பியர் மியூசியம். பழைய ஆட்கள் காட்சி பங்களா என்பார்கள். திங்கட்கிழமை முழுநாளும் விடுமுறை, புதன்கிழமை காலையிலும் மூடியிருக்கும். நான் சொல்கிற வரிசையில் மதியம்தான் போகிறீர்கள் என்பதால் புதனென்றாலும் பாதகமில்லை. ஐந்து மணிக்கு முன்பே மூடிவிடுவார்கள், அதனால் இரண்டு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். நேரங்கள் அவ்வப்போது மாறும், கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு வருடம் உள்ளூர்த் திருவிழா விடுமுறையை நம்பி, நாற்பது பிள்ளைகளோடு ஒரு திங்கட்கிழமை போய் இறங்கிவிட்டேன். கதவு பூட்டியிருந்தது. பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. வேறு வழியில்லாமல் தோட்டத்துப் புல்தரையில் உட்கார வைத்துக் கட்டடத்தைப் பற்றியே பேசினேன், படம் வரையச் சொன்னேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அதற்குப் பிறகு எந்த வருடமும் நேரே உள்ளே கூட்டிப் போனதில்லை. முதலில் வெளியே உட்கார்ந்து கட்டடத்தைப் பார்ப்போம், அப்புறம்தான் உள்ளே.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். 1855-இல் மியூசியத்துக்கு ஏற்பாடாகி 1857-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வானிலை ஆராய்ச்சிக்காக வந்து திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தை நடத்திய ஜான் ஆலன் பிரவுன்தான் முதல் பொறுப்பாளர். அகத்தியமலை உச்சியிலேயே ஒரு ஆய்வுக்கூடம் கட்டிக் காந்தப்புலம் அளந்த மனிதர் அவர். பழைய கட்டடம் போதாமல் போகவே இடித்துவிட்டு, ராபர்ட் சிசோம் வரைபடத்தில் இப்போதைய கட்டடத்தை 1880-இல் முடித்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்து செனட் ஹவுஸும் அவர் கட்டியவைதான். மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

முகப்பின் முக்கோணச் சரிவை மகளுக்குக் காட்டி, நேற்று எங்கே பார்த்தோம் என்று கேளுங்கள். பத்மநாபபுரத்து முகப்பு அவளுக்கு ஞாபகம் வரும். சிவப்பும் கறுப்பும் மஞ்சளும் கலந்த செங்கல் கோலம், பக்கத்தில் கோபுரங்கள், முகலாயச் சாயலில் வளைவுகள். எல்லாவற்றுக்கும் மேலே நம் ஊர் ஓட்டுக்கூரை. உள்ளே நுழைந்ததும் வெளியே இருந்த புழுக்கம் குறைவதைக் கவனியுங்கள். சுவர் இரட்டையாக இருக்கிறது, சூடான காற்று மேலே ஏறி வெளியே போக வழி வைத்திருக்கிறார்கள். ஏசி இல்லாத காலத்தில் கட்டடமே அந்த வேலையைச் செய்தது. மந்திரசாலையின் மைக்காச் சாளரங்களும் இதே வேலையைத்தான் செய்தன என்று இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். மூன்று பொருள் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரம். ஒரு நோட்டும் பென்சிலும் கையில் இருக்கட்டும். வரைய ஆரம்பித்தால்தான் கண் பார்க்க ஆரம்பிக்கும். என் பரிந்துரை, ஒரு வெண்கலச் சிலை, மரத்தேர், தந்த வேலையில் ஒன்று. வெண்கலத்தில், தமிழ்நாட்டு வார்ப்பையும் கேரளத்து வார்ப்பையும் பக்கம் பக்கமாகப் பார்க்க முடிந்தால் பாருங்கள். சோழர் படிமத்தில் உடல் ஒசிந்து மெலிந்து நிற்கும், ஆடை தோலோடு ஒட்டியிருக்கும். கேரளத்துப் படிமத்தில் உடல் அகன்று, கிரீடமும் ஆபரணமும் கனமாக இருக்கும். இரண்டையும் செய்த முறை ஒன்றுதான். மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிலையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

அதே வளாகத்தில் ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம், 1935-இல் மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில் திறந்தது. 2023-இல் ராஜா ரவிவர்மாவுக்கென்றே தனிக் கட்டடமும் வந்துவிட்டது. அம்மைக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நம் பாட்டிமார் பூஜையறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த லட்சுமி, சரசுவதி படங்கள் எல்லாம் இவர் 1890-களில் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து பரவியவைதான். சாமி முகம் என்றதும் நமக்குத் தோன்றுகிற முகத்தில் பாதி இவர் கை. அச்சுப் படமாகவே பார்த்துப் பழகியவர்கள், எண்ணெய் வண்ணத்தில் மூலத்தைப் பார்க்கும்போது பட்டுச்சேலையின் மடிப்பிலும் நகையின் மினுக்கத்திலும் நின்றுவிடுவார்கள். கிளிமானூரிலிருந்து வந்த பையனுக்கு அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் தொழிலைச் சொல்லிக்கொடுக்க மறுத்ததாகவும், அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. ஆறுமுகம் பிள்ளையின் ஓவியம் என்று தேடிப் பார்க்க நமக்கு எங்கும் ஒரு கூடம் இல்லை. அந்த வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

இயற்கை வரலாற்று மியூசியம், மிருகசாலை, எதிரே கேரளம் என்ற வரலாற்று மியூசியம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாம் சேர்க்காதீர்கள். பிள்ளைக்கு மிருகசாலை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக இன்னொரு நாள் வாருங்கள். விழிஞ்ஞத்துக் குடைவரைக் கோயிலையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். எட்டாம் நூற்றாண்டு, சின்னதுதான். வெளிச்சுவரில் சிவனுடைய உருவங்களைச் செதுக்கி முடிக்காமலே விட்டுப் போயிருக்கிறார்கள். உளி எப்படி வேலை செய்தது என்பதை முடிந்த சிற்பத்தைவிட முடியாத சிற்பத்தில்தான் தெளிவாகப் பார்க்கலாம்.

மியூசியத்திலிருந்து தம்பானூர் திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். பாளையத்தில் பள்ளிவாசல், தேவாலயம், கணபதி கோயில் மூன்றும் அடுத்தடுத்து வரும். அதை ஒட்டி யுனிவர்சிட்டி கல்லூரி, முன்பு மகாராஜா கல்லூரி. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை அங்கேதான் தத்துவப் பேராசிரியராக இருந்தார். ஆலப்புழையில் பிறந்து, இந்த ஊரில் வாழ்ந்து, 1891-இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். உங்கள் மகள் தினமும் காலையில் பள்ளிக்கூடத்தில் நின்று பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்து, பழைய வேணாட்டு அரசர்களின் காலத்தை நிர்ணயிக்க முதலில் முயன்றவர்களில் அவரும் ஒருவர். அந்த வளாகத்தைத் தாண்டும்போது பஸ்ஸிலேயே மகளிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து ஸ்டாச்சு நிறுத்தம். தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கிற சிலை திவான் மாதவராவுடையது, கும்பகோணத்தில் பிறந்தவர். அவர் திவானாக இருந்தபோதுதான் 1869-இல் செயலகக் கட்டடம் முடிந்தது. செயலக வளாகத்துக்குள் வேலுத்தம்பி தளவாய் சிலை. அவர் நம் தலக்குளத்துக்காரர் என்பது அம்மைக்குத் தெரிந்திருக்கும்.

வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பத்மநாபபுரத்தில் ஒவ்வொரு கட்டடத்திலும் ஊழியர்கள் நின்று தமிழிலும் மலையாளத்திலும் சொல்வார்கள், அவர்களிடமே கேளுங்கள். நேப்பியரில் தேவையில்லை. பெயர்ப்பலகைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அம்மைக்கு மகளே படித்துச் சொல்லட்டும்.

ஒருவேளை இந்த லீவில் போக முடியாமல் புரட்டாசிக்குத் தள்ளிப்போனால் அதுவும் நல்லதுதான். நவராத்திரிக்குச் சில நாள் முன்பு, பத்மநாபபுரம் உப்பரிகை மாளிகையில் உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். கம்பர் வழிபட்டதாக ஐதீகம் உள்ள தேவாரக்கட்டு சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். சரசுவதி, குதிரைமாளிகைக்குப் பக்கத்து நவராத்திரி மண்டபத்தில் போய் அமர்வாள். குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குவார்கள். பூஜை முடிந்து அதே வழியில் திரும்பி வருவார்கள். முதல் நாள் இரவு தங்கல் குழித்துறை மகாதேவர் கோயிலில். உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வாசலில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்துத் தெருவெல்லாம் காத்திருக்கும். மகளை அன்றைக்கு ராத்திரி அங்கே கூட்டிப் போய் நிறுத்துங்கள். மறுநாள் பல்லக்கு நெய்யாற்றின்கரைக்குக் கிளம்பும்போது, நீங்களும் பஸ்ஸில் ஏறுங்கள்.